மேடைப் பட்டத்துக்குக் கடன் வாங்கப் போகிறீர்களா?

மகளுக்குப் பாட்டைத் தவிர வேறெதிலும் மனசு ஒட்டவில்லை, பெரியப்பா கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்கச் சொல்கிறார், மாமாவோ பாட்டுதான் என்றால் வெளிநாட்டில் பேர்போன கல்லூரியில் மியூசிக்கல் தியேட்டர் பட்டம், கடன் வாங்கியாவது, என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் அவ்வளவு நீளமான கடிதத்தில் அவளைப் பற்றி இருந்தது ஒரே வரி: பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து நாடகம் போடுகிறாள் என்பது. மற்றதெல்லாம் உறவினர்களின் அபிப்பிராயம்.

பெரியப்பா சொல்வதை விட்டுவிடலாம். பிடிக்காத படிப்பில் உட்காரவைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மாமாவின் யோசனைதான் எனக்குக் கவலை, ஏனென்றால் அது பிள்ளையின் பக்கம் பேசுவதுபோல் இருக்கிறது. மியூசிக்கல் மேடைக்குப் பாட்டு, நடனம், நடிப்பு மூன்றும் ஒரே தரத்தில் வேண்டும். ஆடிஷனில் பெரும்பாலும் 16 அல்லது 32 பார் (பாட்டின் தாள அளவு) மட்டும்தான் பாடவிடுவார்கள், மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிடும். வேடம் கிடைத்தால் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வே மாதிரி இடங்களில் வாரத்துக்கு 8 காட்சிகள், நாடகம் நின்றால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். பேர்போன பட்டம் நல்ல பயிற்சி தரும், சிலருக்கு வேடம் தேடித் தரும் ஏஜென்ட்டின் பார்வையும் கிடைக்கும். வேடத்துக்கு உத்தரவாதம் தராது, மாதத் தவணையையும் கட்டாது. அந்தக் கடனுக்கு மாமா ஜாமீன் கையெழுத்துப் போடுவாரா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

சரி, யாருமே பேசாத வழி ஒன்று இருக்கிறது. குழந்தைகளுக்கான இசை ஆசிரியர். மேடை கிடைக்காதவர்கள் ஒதுங்குகிற இடம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், ஆனால் இது தனியாகக் கற்க வேண்டிய தொழில். ஜெனிவாவில் டால்குரோஸ் என்ற இசை ஆசிரியர் 1915-இலேயே இதற்கென ஒரு நிறுவனம் தொடங்கினார், அங்கே தாளத்தை முதலில் உடம்பால் நடந்து கற்கிறார்கள். ஹங்கேரி இசையமைப்பாளர் கோடாயின் வழியில் கைச்சைகையைப் பார்த்துப் பிள்ளைகள் ஸ்வரம் பாடுவார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் ஆர்ஃபின் முறையில் எனக்குப் பிடித்த ஒரு தந்திரம் உண்டு: கட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் சைலபோனில், மேற்கத்திய இசையின் எஃப், பி ஸ்வரங்களுக்கான கட்டைகளைக் கழற்றி எடுத்துவிடுவார்கள். மிச்சமிருப்பவை நம் மோகன ராகத்தின் ஸ்வரங்கள்தான், அதனால் ஐந்து வயதுக் குழந்தை எதைத் தட்டினாலும் காதில் உறுத்தாது. முதல் வகுப்பிலேயே நாலு பேரோடு சேர்ந்து வாசித்துவிட்ட பிள்ளை அடுத்த வாரமும் ஓடி வரும்.

அவளுடைய நாடக ஆசைக்கும் இங்கே இடம் உண்டு. பெரிய மியூசிக்கல்களை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி, பிள்ளைகள் குரலுக்கு ஏற்ற சுருதிக்கு மாற்றி, உரிமத்தோடு பள்ளிகளுக்குத் தருகிறார்கள். அதை மேடையேற்ற, பெரியவர்களுக்கு வசதியான தாழ்ந்த சுருதியில் பாடவைத்தால் சின்னப் பிள்ளைகளின் குரல் எடுபடாது என்று தெரிந்தவர் வேண்டும், பதின்மூன்று வயதுப் பையனுக்குக் குரல் உடையும்போது அவனை ஓரங்கட்டாமல் அவன் வரியைக் கீழே இறக்கித் தரத் தெரிந்தவர் வேண்டும். நன்றாகப் பாடுகிறவர்கள் எல்லாருக்கும் இது வந்துவிடாது.

செலவு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வீட்டிலிருந்து போய் வரக்கூடிய கல்லூரியில் இசைப் பட்டம், அப்புறம் ஆசிரியர் பயிற்சி. பள்ளியில் நிரந்தர வேலைக்குப் பெரும்பாலும் அந்தத் தகுதியைக் கேட்பார்கள். கூடவே பியானோவோ கீபோர்டோ, பிள்ளைகள் பாடும்போது பார்த்துக்கொண்டே வாசிக்கிற அளவுக்கு. ஆர்ஃப், கோடாய் பயிற்சிகளைப் பல இடங்களில் விடுமுறைக் காலத்தில் நிலை நிலையாக முடிக்கலாம், சம்பாதித்துக்கொண்டே. ஆரம்பத்தில் வருமானம் ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும், பள்ளி, தனி வகுப்பு, விடுமுறைப் பட்டறை என்று கலந்து ஓட்ட வேண்டியிருக்கும். ஒன்று மட்டும், சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு அவளை இலவசமாகச் சொல்லிக்கொடுக்க வைக்காதீர்கள்.

இப்போதைக்கு, சின்னப் பிள்ளைகளுக்கு இசை வகுப்பு எடுக்கும் ஓர் ஆசிரியரிடம் அவளை ஒரு பருவம் உதவியாளராக விடுங்கள். ஒருவன் அழுது, இன்னொருத்தி மேளத்தை விட மாட்டேன் என்று அடம்பிடித்த நாளுக்கு மறுநாளும் அவள் தானாகக் கிளம்புகிறாளா என்று பாருங்கள். அதில் அலுத்துப்போய், தான் பாடும்போது மட்டும் முகம் மலர்கிறது என்றால் அவள் மனசு மேடையில்தான், தடுக்காதீர்கள். உள்ளூர்க் குழுக்களின் ஆடிஷன்களுக்குப் போகட்டும், நடன வகுப்பில் சேரட்டும். அப்போதும் கடன் மட்டும் வேண்டாம்.