கொழும்பில் தமிழில் ஆழமாகக் கதைக்க ஒரு வட்டம் நடத்துவது எப்படி? கூடும்போதெல்லாம் சண்டையில் முடிகிறதே?

இரண்டு தரம் கூடினோம், முதல் தரம் "தமிழர் பண்பாடும் நவீன வாழ்வும்", அடுத்த தரம் "அரசியலில் அறம்", இரண்டிலும் யாரோ ஒருவர் கோபித்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆட்களில் பிழை தேடாதீர்கள். பிழை தலைப்பில் இருக்கிறது. "இதுவும் அதுவும்", "இதில் அது" என்று வருகிற எதையும் நம்மவர் கையில் கொடுத்தால் மேடைப் பேச்சுத்தான் வரும். ஆளுக்குப் பதினைந்து நிமிடம் பேசுவார்கள், யாரும் யாருக்கும் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தலைப்பை எடுத்துவிட்டுக் கேள்வி வையுங்கள். கேள்வியைத் தேர்ந்தெடுக்க மூன்று உரைகல் போதும். வந்திருக்கிற எல்லோருக்கும் அதில் சொந்த அனுபவம் இருக்க வேண்டும். கூகிளில் தேடி முடிவு கட்ட முடியாததாக இருக்க வேண்டும். ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். பண்பாடு பற்றிக் கதைக்க வேண்டுமானால், "வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்த பிள்ளையிடம் 'உங்கட ஊர் எது' என்று கேட்டால் எந்த ஊரைச் சொல்வது சரி?" படைப்பு என்றால், "வட்ஸ்அப்பில் வந்த கவிதை பிடித்திருந்தது, கணினி எழுதியது என்று பிறகு தெரிந்ததும் பிடிக்காமல் போவது நியாயமா?" நவீன வாழ்க்கைக்கு, "குடும்பக் குழுவில் செய்தியைப் பார்த்துவிட்டுப் பதில் போடாமல் விடுவது அவமரியாதையா?" கேள்வியைக் கூட்டத்துக்கு ஒரு கிழமை முன்பே அனுப்பிவிடுங்கள். கட்டுரை எதையும் இணைக்காதீர்கள். இணைத்தால் வாசித்தவர், வாசிக்காதவர் என்று வாசலிலேயே சபை இரண்டாகும்.

முதல் கேள்வியையே எடுத்து நடத்திப் பார்ப்போம். முதல் இருபது நிமிடம் கருத்து ஒன்றும் வேண்டாம், நடந்த சம்பவம் மட்டும். ஒருவர் சொல்கிறார்: கலியாண வீட்டில் ஒரு அன்ரி பிள்ளையிடம் ஊர் கேட்டார். பிள்ளை "வெள்ளவத்தை" என்றது. அன்ரி, "அது சரி, ஊர் எது?" என்றார். நிறுத்துங்கள். சுவரில் ஒட்டிய டிமைப் பேப்பரில் "அது சரி, ஊர் எது?" என்று பெரிதாக எழுதுங்கள். அந்த "அது சரி"க்குள் என்ன இருக்கிறது என்பதுதான் இனி வேலை. பிறந்த இடமா, அப்பப்பா அம்மம்மாவின் காணியா, குலதெய்வக் கோயிலா? மலையகத்து ஹற்றன் பக்கத்திலிருந்து வந்தவர் தேயிலைத் தோட்டத்தின் பெயரைச் சொல்வார், அந்தக் காணி தன் குடும்பத்துக்கு ஒருநாளும் சொந்தமாக இருந்ததில்லை என்றும் சொல்வார். மருதானையில் நாலு தலைமுறையாக இருக்கிற முஸ்லிம் நண்பருக்கு அந்த இரண்டாவது கேள்வியே புதினமாக இருக்கும். இவ்வளவும் ஒரு அன்ரியின் இரண்டு சொல்லிலிருந்து வருகிறது. "பண்பாடு என்றால் என்ன" என்று தொடங்கியிருந்தால் வந்திருக்காது. அந்தச் சொல்லே இன்றைய பொருளில் 20 ஆம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு சங்க காலத்துக்குப் போக நினைப்பவருக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

கொழும்பில் இன்னொரு கண்ணி, "நாங்கள்". இலக்கணத்தில் கேட்பவரையும் சேர்த்தால் நாம், விட்டால் நாங்கள். பேச்சில் யாழ்ப்பாணத்தார் இரண்டுக்கும் "நாங்கள்" என்றே சொல்லிவிடுவார்கள். எட்டுப் பேரில் மலையகத்தவரும் முஸ்லிமும் இருக்கும்போது "நாங்கள் இழந்தது" என்று ஒருவர் தொடங்கினால் பாதிப் பேர் தங்களை வெளியே வைத்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள். சண்டை அந்த இடத்தில்தான் மூளுகிறது. சொன்னவருக்குத் தான் என்ன செய்தார் என்றே தெரியாது. நடத்துபவர் ஒவ்வொரு தரமும் "எந்த நாங்கள்?" என்று கேட்க வேண்டும். முதல் நாள் எரிச்சலாக இருக்கும், மூன்றாம் நாள் அவர்களே தங்களைத் திருத்திக்கொள்வார்கள்.

ஆட்கள் ஆறிலிருந்து ஒன்பது. பத்தானால் இரண்டாகப் பிரியுங்கள். கதிரைகள் வட்டமாக, நடுவில் மேசை வேண்டாம். தேத்தண்ணி தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள், இடையில் கொடுத்தால் பத்து நிமிடம் நாற்பதாகும், கூட்டம் இரண்டு இரண்டாக உடையும், திரும்பச் சேர்க்க முடியாது. ஒரு தரத்துக்கு இரண்டு நிமிடம். நடத்துபவர் தன் கருத்தைச் சொல்லக் கூடாது. சொல்ல ஆசை வந்தால் அடுத்த மாதம் வேறொருவர் நடத்தட்டும். முதல் ஒரு மணித்தியாலத்துக்குப் புத்தகப் பெயரும் அறிஞர் பெயரும் தடை. இது என் கண்டுபிடிப்பு இல்லை. லெனார்ட் நெல்சன் என்ற ஜேர்மன் மெய்யியலாளர் 1922 இல் கெட்டிங்கனில் விளக்கிய சோக்ரடீஸ் முறையிலிருந்து வளர்ந்த வழக்கம்: பெரியவர்களைச் சாட்சிக்கு அழைக்காதே, உன் அனுபவத்திலிருந்து பேசு.

நீட்டிப் பேசுகிற பெரியவர் ஒருவர் எப்படியும் வருவார். அவரை உங்களுக்கு எதிரே இருத்தாதீர்கள், கண் பட்டால் உற்சாகம் ஏறும். பக்கத்தில் இருத்துங்கள். மூன்றாவது நிமிடத்தில் மார்க்கரை எடுத்துக்கொண்டு எழும்பி, "ஐயா, இதை ஒரு வசனமா எழுதட்டா, என்னெண்டு எழுத?" என்று கேளுங்கள். மரியாதையும் குறையாது, அவரும் சுருக்கிவிடுவார்.

இது மேல்நாட்டுச் சரக்கு, பாரிஸ் கஃபேயில் நடப்பதைக் கொண்டுவந்து வெள்ளவத்தையில் விற்கிறான் என்று ஒருவர் கீழே எழுதுவார், தெரியும். மார்க் சோத்தே 1992 இல் பஸ்தீல் சதுக்கத்துக் கஃபே ஒன்றில் ஞாயிறு காலையில் தொடங்கியது எனக்கும் தெரியும். ஆனால் மணிமேகலையின் விழாவறை காதையைப் பாருங்கள். வாதிகளைப் பட்டிமண்டபத்தில் ஏறச் சொல்லிவிட்டு, "பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்" என்று முரசறைகிறார்கள்: பகைவரோடாயினும் கோபமும் சண்டையும் செய்யாமல் விலகிப் போங்கள். இந்தியத் தருக்க மரபான நியாய சாஸ்திரம் உண்மை தேடுகிற வாதத்தையும், வெல்லப் பேசுகிற ஜல்பத்தையும், தன் பக்கம் ஒன்றும் வைக்காமல் மற்றவனை உடைக்க மட்டும் பேசுகிற விதண்டையையும் பிரித்து வைத்திருக்கிறது. நாம் வீட்டில் ஏச எடுக்கிற "விதண்டாவாதம்" அதுதான். நன்னூல் இலக்கணம் சொல்லும் எழுவகை மதத்தில், அதாவது நூலாசிரியர் கொள்கைகளில், ஒன்று "பிறர்தம் மதமேற் கொண்டு களைவு": மற்றவர் கொள்கையை முதலில் ஏற்று, பிறகு மறுப்பது. இதையே விதியாக வையுங்கள். மறுக்க விரும்புபவர் முதலில் எதிராளியின் கருத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும், எதிராளி "ஓம், அதுதான்" என்ற பிறகே மறுப்பு. பாதிச் சண்டை அந்த "ஓம்" வருவதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை: நம் ஊர்ப் புத்தக வெளியீடுகளில் விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, முதற்பிரதி வழங்கல், பொன்னாடை எல்லாம் முடிந்து ஏற்புரைக்கு வரும்போது இரண்டரை மணித்தியாலம் போயிருக்கும். "நேரமின்மையால் சபையிலிருந்து கேள்விகள் இல்லை" என்பார்கள். முதற்பிரதி வாங்கியவர் அதற்கு முன்பே போயிருப்பார். கேள்வி கேட்கப் பழகாத சனம் எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசிக்கிறோம்.

இடம், நாள். கடற்கரை நல்ல யோசனையாகத் தெரியும், ஆனால் ரயில் பாதை கரையோடு போகிறது. காற்று ஒரு பக்கம், ரயில் ஒரு பக்கம், மெல்லப் பேசுபவர் வாயை மூடிவிடுவார். வீட்டு ஃபிளட் நல்லது. வாசலில் எட்டுச் சோடிச் செருப்புக் கிடந்தால் பக்கத்து வீட்டார் "என்ன விசேஷம்?" என்பார்கள், காவலாளியிடமும் முன்பே சொல்லி வையுங்கள். போயா (பௌர்ணமி) விடுமுறை வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் வைக்காதீர்கள், பாதிப் பேர் ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். சித்திரைப் புத்தாண்டுக் கிழமையும் வேண்டாம். ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் இடியும் மழையும் என்பதால் அந்த இரண்டு மாதமும் காலையில் வையுங்கள்.

அரசியல் நாளில் ஒலிப்பதிவு கூடாது, போன்களை ஒரு கூடையில் போடச் சொல்லுங்கள். பயந்தாங்கொள்ளி என்று சொல்லலாம், பரவாயில்லை. 2007 இன் 56 ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் கீழ் 2019 இல் ஒரு சிறுகதைக்காகச் சிங்கள எழுத்தாளர் ஒருவர் மாதக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தார். 2024 இலிருந்து, இணையத்தில் போடுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. முப்பது செக்கன் துண்டாக வெட்டிப் பகிரப்பட்டால் எந்த வசனமும் வேறு வசனம்தான்.

சிங்கள நண்பர் ஒருவர் வந்தால் எட்டுப் பேரும் மரியாதைக்காக ஆங்கிலத்துக்குத் தாவுவார்கள், ஆங்கிலம் ஓடாத இரண்டு பேர் அன்று முழுக்க வாய் திறக்க மாட்டார்கள். தாவ விடாதீர்கள். அவருக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து காதோடு சொல்லட்டும், நேரத்தை அரை மணித்தியாலம் கூட்டுங்கள்.

இரண்டு மணித்தியாலத்தில், வசனம் பாதியில் நின்றாலும், முடித்துவிடுங்கள். கீழே காலி (Galle) வீதியில் 100, 101 இலக்க பஸ்ஸுக்கு நிற்கும்போது விட்ட இடத்திலிருந்து திரும்பத் தொடங்குவார்கள். அங்கே காதைக் கொடுங்கள், அடுத்த மாதக் கேள்வி அதற்குள் இருக்கும்.