இரட்டித்துக் கட்டுவது – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருக்கிறேன். நான்கு மாதமாக ஓய்வு நாளில் கேசினோவுக்குப் போகிறேன். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்பதால் நுழைவுக்குக் காசில்லை. எண்கள் எழுதிய சக்கரத்தில் பந்தைச் சுழற்றிவிடும் ரூலெட் ஆட்டத்தில், ஒரே பூஜ்யம் உள்ள மேசையில் சிவப்பு, கறுப்பு மட்டும்தான் கட்டுவேன். முதலில் 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). தோற்றால் 20, மறுபடி தோற்றால் 40. எப்போது ஜெயித்தாலும் போனதெல்லாம் வந்து 10 வெள்ளி மிஞ்சும். இதுவரை 62 தடவை அப்படி எடுத்துவிட்டேன், 620 வெள்ளி. மேசையில் ஒரு கட்டுக்கு உச்சவரம்பு 1000.

ஊரில் வீட்டுக்குத் தளம் போடச் சேர்த்த 5000 வெள்ளி கையில் இருக்கிறது. அந்தத் தைரியத்தில் வரும் வியாழக்கிழமை 50 வெள்ளியில் தொடங்கலாமென்று இருக்கிறேன். சூதாட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதியது கணக்குத் தெரியாமல் ஆடுகிறவர்களுக்குச் சரி. என் கணக்கில் என்ன தப்பு? இரட்டிப்பது வேண்டாமென்றால் டலம்பேர் முறையில் ஒவ்வொரு படியாக ஏற்றலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கடிதத்தைப் படித்ததும் ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கூட்டலில் தப்பில்லை. உச்சவரம்பைக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டீர்கள்.

10, 20, 40, 80, 160, 320, 640. ஏழு கட்டு. எட்டாவதாக 1280 வைக்க வேண்டும், மேசை வாங்காது. அதற்குள் 1270 போயிருக்கும். சக்கரத்தில் 37 எண்கள். சிவப்பு 18, கறுப்பு 18, ஒரு பூஜ்யம். எந்த நிறத்தில் கட்டினாலும் 37இல் 19 உங்களுக்கு எதிர். ஏழும் தோற்கும் வாய்ப்பு ஏறக்குறைய 106இல் ஒன்று. சராசரியாக 105 தடவை பத்துப் பத்தாக 1050 வெள்ளி எடுத்து, ஒரே தடவையில் 1270 கொடுக்கிறீர்கள். 62 தடவை தப்பியது முறையின் பலமல்ல. இதே மாதிரி ஆடுகிற நூறு பேரில் ஐம்பத்தைந்து பேராவது அந்த எண்ணிக்கை வரை விழாமல் வந்திருப்பார்கள்.

இப்போது 50இல் தொடங்குங்கள். 50, 100, 200, 400, 800. அடுத்தது 1600. ஐந்தே கட்டில் நின்றுபோகிறது, பார்த்தீர்களா? 1550 வெள்ளி போய்விட்டது. மிச்சம் 3450 பையில் இருந்தும் அதை வைத்து மீட்க வழியில்லை, மேசை விடாது. ஐந்தும் தோற்கும் வாய்ப்பு 28இல் ஒன்று. தைரியம் தருகிறது என்று நீங்கள் நம்பும் அந்தப் பணம், விழுவதை ஏறக்குறைய நான்கு மடங்கு பக்கத்தில் கொண்டுவருகிறது. கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத இடம் இதுதான்.

வரம்பே இல்லாவிட்டால்? 1913 ஆகஸ்ட் 18 அன்று மாண்டி கார்லோ கேசினோவில் தொடர்ந்து 26 தடவை கறுப்பு விழுந்தது. இனிமேல் சிவப்புதான் என்று கூட்டம் கூட்டமாகக் கட்டியவர்கள் லட்சக்கணக்கான பிராங்கை இழந்தார்கள். அன்றைக்குப் பத்து வெள்ளியில் தொடங்கி இரட்டித்திருந்தால் 26ஆவது கட்டுக்கு 33 கோடியே 55 லட்சம் வெள்ளி வேண்டும்.

டலம்பேர் முறையில் தோற்றால் ஒரு படி ஏற்றுவது, ஜெயித்தால் ஒரு படி இறக்குவது. விழுவது மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். இந்த முறைக்குப் பெயர் தந்த டலம்பேர் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர், பெரிய கணித மேதை. ஆனால் நாணயத்தை இரண்டு தடவை சுண்டினால் ஒரு தடவையாவது தலை விழ வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று 1754இல் எழுதினார். உண்மையில் நான்கில் மூன்று. அவ்வளவு பெரிய மூளையே இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறது. எந்த முறையில் கட்டினாலும் கட்டுகிற ஒவ்வொரு 100 வெள்ளியிலும் சராசரியாக 2.70 மேசைக்குப் போகும். முறையை மாற்றினால் அது போகிற வரிசைதான் மாறும்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரோடு கேசினோ ஒன்றுக்குள் போய் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன். மேசைக்கு மேலே திரையில் முந்தைய எண்கள் வரிசையாக ஒளிர்ந்துகொண்டிருந்தன. அவற்றால் ஆடுகிறவருக்குத் துளி லாபம் இருந்தால் நிர்வாகம் அதை இலவசமாகக் காட்டுமா? அதன் கீழே பெரியவர் ஒருவர் அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் சிவப்பு, கறுப்பு குறித்தபடி இரட்டித்துக்கொண்டிருந்தார். முதல் நான்கு கட்டுக்கும் சில்லுகளை விரல் நுனியால் நேராக அடுக்கி வைத்தார். ஆறாவதில் இரண்டு உள்ளங்கையாலும் தள்ளினார். ஏழாவதும் போனது. பேனாவை எடுத்து அந்த எண்ணையும் அதே அழகான கையெழுத்தில் அட்டையில் குறித்தார். பிறகு அட்டையை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போனார். அந்தக் கையெழுத்து இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சிங்கப்பூர் அரசு தன் குடிமக்களிடமும் நிரந்தரவாசிகளிடமும் ஒரு நாள் நுழைவுக்கு 150 வெள்ளி வாங்குகிறது. அது அவர்களைத் தடுக்கக் கட்டிய வேலி. அந்த வேலி உங்களுக்கு இல்லை. ஆனால் நீங்களே ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம். உள்ளே விடாதீர்கள் என்று உங்கள் பெயரை நீங்களே பதிந்துகொள்ளும் ஏற்பாடு அங்கே இருக்கிறது, வெளிநாட்டவருக்கும் உண்டு. சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தில் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

5000 வெள்ளியைப் புதன்கிழமைக்குள் ஊருக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.