போயிட்டு வரேன்னு சொன்னீர்களா?

கேள்வி: எனக்கு 33 வயது. ஓசூரில் கம்பெனி வேலை. சென்னையில் இருக்கும் கணவரோடு தீராத சண்டை. கடைசியாக ஊருக்கு வந்தவர் சொல்லாமல் கிளம்பினார், நான்கு மாதமாக வரவில்லை. கல்லூரியில் நான் காதலித்தவரும் அப்படித்தான், ஒரு வார்த்தை சொல்லாமல் பெங்களூரு போய்விட்டார். போன வருடம் அவர் மனைவி இறந்துவிட்டார். இப்போது தினமும் இரவு போனில் அழுகிறார். எனக்கும் அந்தப் பேச்சு ஆறுதலாக இருக்கிறது. 7 வயது மகள் பாலக்கோட்டில் என் அம்மாவிடம் நன்றாக இருக்கிறாள். மாடு இருப்பதால் அம்மா ஓசூருக்கு வரமாட்டார். திங்கள் விடியற்காலை, அழுவாளே என்று என் சேலையை அவள் கையில் சுற்றிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடிப்பேன். விவாகரத்து வாங்கி அவரோடு வாழலாமா?

பெயர் வேண்டாம், தருமபுரி மாவட்டம்

பதில்: மற்றதெல்லாம் அப்புறம். அந்தச் சேலையைப் பற்றிப் பேசுவோம்.

ஐந்து மணிக்குக் குழந்தை புரண்டு படுக்கிறாள். சேலை இருக்கிறது, அம்மா இல்லை. பாட்டி பால் கறக்கப் போயிருப்பார். அவள் அழவில்லை என்றா நினைக்கிறீர்கள்? அழுவதை நீங்கள் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். சொல்லாமல் போன இரண்டு பேரால் நொந்துபோன நீங்கள், வாராவாரம் அதையே பெற்ற பெண்ணுக்குச் செய்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

நம் வீடுகளில் ‘போறேன்’ என்றால் பெரியவர்கள் திட்டுவார்கள், ‘போயிட்டு வரேன்’னு சொல்லச் சொல்வார்கள். அந்த ‘வரேன்’தான் உங்கள் மகளுக்குக் கிடைக்கவே இல்லை.

பாட்டி வளர்ப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் அப்பா அம்மா இருவரும் உயிரோடு இருக்கும்போது பிள்ளை ஒருவரோடாவது இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ராயக்கோட்டை வழியாகப் போனால் ஓசூர் என்ன அவ்வளவு தூரமா? மாட்டை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க, விட்டுவிட்டு அம்மாவையும் அழைத்துக்கொள்ளுங்கள். நடுவருடம் என்று தயங்க வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, டி.சி. வரத் தாமதமானாலும் அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்க முடியாது.

பெங்களூருக்காரரின் துக்கம் உண்மையாகவே இருக்கட்டும். துக்கத்தைச் சொல்லி அழ அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லையா, நண்பர்கள் இல்லையா? அன்றைக்கு ஏன் சொல்லாமல் போனாய் என்று இத்தனை போனில் ஒரு தடவையாவது கேட்டீர்களா? கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. அந்த இரவு நேரம் உங்கள் மகளுக்குச் சேர வேண்டியது. இன்றைக்கே அவரிடம் சொல்லி, பேச்சை நிறுத்துங்கள்.

கணவரை நேரில் போய்ப் பாருங்கள். போனில் பேசித் தீர்க்கும் விஷயமில்லை. இருவரும் சம்மதித்து விவாகரத்து கேட்பதானாலும், இந்து திருமணச் சட்டப்படி குறைந்தது ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். உங்களுக்கு நான்கு மாதம்தான் ஆகிறது. பேசியும் முடியவில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். அந்த முடிவை உங்கள் வாழ்க்கைக்காக எடுங்கள், பெங்களூருக்காரருக்காக எடுக்காதீர்கள்.

இந்த ஞாயிறு இரவே மகளிடம் சொல்லிவிடுங்கள், விடியற்காலையில் எழுப்புவேன் என்று. எழுப்பி, முகம் கழுவிவிட்டு, எந்தக் கிழமை வருவீர்கள் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டுங்கள். காலைக் கட்டிக்கொண்டு அழுவாள். அழட்டும். முதல் பஸ் போனால் அடுத்த பஸ் வரும்.