டவர், டிரான்ஸ்ஃபார்மர், தாமதம்: கேட்டவர்களுக்குப் பதில்

முப்பது வருடம் துணைமின் நிலையமும் உயர்மின் பாதையும் கட்டிக்கொடுக்கும் ஒப்பந்த நிறுவனங்களில் இருந்தவன் நான். அந்த வேலையைப் பற்றிக் கேளுங்கள். வீட்டு மின்கட்டணம் என் துறை இல்லை.

ஒப்பந்ததாரர், சேலம்: 110/11 கேவி துணைமின் நிலைய வேலை. இடத்தை ஐந்து மாதம் தாமதமாகக் கொடுத்துவிட்டு, இப்போது எல்டி (தாமதத்துக்கான இழப்பீட்டுத் தொகை) பிடிப்போம் என்கிறார்கள். என்ன செய்வது?

இடம் கிடைக்கவில்லை என்று அன்றைக்கே கடிதம் கொடுத்தீர்களா? இதுதான் முதல் கேள்வி. 'ஏஇ (உதவிப் பொறியாளர்) சார் கோபித்துக்கொள்வார்' என்று பெரும்பாலும் கொடுத்திருக்க மாட்டீர்கள். ஏஇ மாற்றலாகிப் போய்விடுவார். ஃபைல் அங்கேயேதான் இருக்கும்.

எல்டி பொதுவாக வாரத்துக்கு ஒப்பந்த மதிப்பில் அரை சதவீதம். உச்சவரம்பு 5 அல்லது 10 சதவீதம், உங்கள் ஒப்பந்தத்தைப் பாருங்கள். லாபமே அந்த அளவுதான் என்றால் மொத்தமும் போயிற்று. அதைத் தடுக்க ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்டர், அதாவது தடைப் பதிவேடு வேண்டும். தடை தொடங்கிய தேதி, நீங்கிய தேதி, அதனால் எந்த வேலை நின்றது, இரண்டு தரப்புக் கையெழுத்து. அந்த ஐந்து மாதமும் முழுதாக அப்படியே கணக்கில் வந்துவிடாது. டிரான்ஸ்ஃபார்மரே ஏழு மாதம் கழித்துத்தான் வர இருந்தது என்றால், பீடம் போட இடம் தாமதமானதில் முழு ஐந்து மாதத்தையும் எப்படிக் கேட்பீர்கள்? எந்த வேலை தள்ளிப்போனதால் முடியும் தேதி தள்ளிப்போனது என்று காட்ட வேண்டும்.

இன்னொன்றைப் பலர் கோட்டை விடுகிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 55. எதிர்த்தரப்பு தாமதமாகச் செய்ததை நீங்கள் ஏற்றுக்கொள்ளும்போதே இழப்பீடு கேட்பேன் என்று அறிவிக்காவிட்டால், பிறகு கேட்பது கடினம். அதனால் கால நீட்டிப்பு கேட்கும் கடிதத்திலேயே, 'இதனால் ஏற்பட்ட கூடுதல் செலவைக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை' என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் நான் இருந்த ஒரு நிறுவனம் ஒரு வருடச் சைட் செலவை இழந்தது. வரைவு எழுதியவன் நான்தான்.

சைட் இன்ஜினியர், மதுரை: டிரான்ஸ்ஃபார்மர் வரைபடம் இன்னும் அப்ரூவல் ஆகவில்லை. பழைய வேலையின் அளவிலேயே பீடம் போட்டுவிடலாமா?

வேண்டாம். நாங்கள் போட்டோம். டிரான்ஸ்ஃபார்மர் வந்தது, சக்கரம் வேறு இடத்தில் இருந்தது. கான்கிரீட் பிரேக்கர் வைத்துப் பீடத்தை உடைத்தோம்.

மாணவர், கோவை: பிரைமவேரா (வேலை அட்டவணை போடும் மென்பொருள்) படித்தால் வேலை கிடைக்குமா?

படியுங்கள், நல்லது. ஆனால் வேலை எங்கே நிற்கிறது என்று தெரியாதவர் போடும் அட்டவணை வண்ணக் கோலம்தான்.

விவசாயி, தாராபுரம் பக்கம்: என் தென்னந்தோப்பில் டவர் போட வருகிறார்கள். தடுக்க முடியுமா? பணம் எவ்வளவு? கேபிளாக மண்ணுக்கடியில் போடக் கூடாதா?

பிறர் நிலத்தில் கம்பம் நடத் தந்திச் சட்டம் தரும் அதிகாரம் மின்பாதை நிறுவனத்துக்கும் வழங்கப்பட்டிருந்தால், நீங்கள் மறுத்தாலும் ஆட்சியர் ஆணை வாங்கி நுழையலாம். மரத்துக்கும் பயிருக்கும் இழப்பீடு தனி. நிலத்துக்கு 2015 வழிகாட்டுதலில் டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதமும், கம்பி போகும் வழித்தடத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் இருந்தது. 2024 ஜூனில் மத்திய மின்துறை அதை 200, 30 என்று உயர்த்தியது. மாநிலம் ஏற்று ஆணை போட்டால்தான் கைக்கு வரும். தொகையில் திருப்தி இல்லையென்றால் மாவட்ட நீதிமன்றம் போகலாம்.

கேபிள் பற்றிச் சொன்னால், 400 கேவி ஏசி (மாறுதிசை மின்சாரம்) கேபிளில் நீளம் கூடக் கூட, கேபிளை மின்னேற்றவே போகும் சார்ஜிங் மின்னோட்டம் கேபிளின் திறனைத் தின்றுவிடும். செலவும் பல மடங்கு.

அதே விவசாயி: புகளூரிலிருந்து திருச்சூருக்கு மட்டும் கேபிள் போட்டார்களே ஐயா?

சரியாகப் பிடித்தீர்கள். அது டிசி (நேர்திசை மின்சாரம்), அதனால் சார்ஜிங் பிரச்சினை இல்லை. ±320 கேவி, 2000 மெகாவாட். ஒரு பகுதி மேலே, ஒரு பகுதி நிலத்தடியில்.

மின்பாதைப் பொறியாளர், பெயர் வேண்டாம்: சார், சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரும் பாதை ±800 கேவி, 6000 மெகாவாட். அதைப் போய் இந்தத் திருச்சூர் கேபிளோடு ஒப்பிடலாமா? விவசாயிகளைத் தூண்டிவிடாதீர்கள்.

அவர் நான் சொல்லித்தான் கேட்டாரா? 800 கேவிக்கும் 320 கேவிக்கும் ஒரே கணக்கு போட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'தொழில்நுட்பத்தில் முடியாது' என்று எல்லாப் பாதைக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்வதால்தான் நம்மை ஊரில் யாரும் நம்புவதில்லை. முடியும், செலவாகும், அந்தச் செலவு எல்லோருடைய கட்டணத்திலும் ஏறும் என்று சொல்லுங்கள்.

அதே பொறியாளர்: பேசிக்கொண்டே இருந்தால் பாதை எப்போது முடியும்?

80 டவரில் 79 நின்றாலும் மின்சாரம் போகாது. மீதி ஒன்றுக்காக எட்டு மாதம் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தோட்டக்காரர் கேட்டது ஒன்றுதான்: மஞ்சள் எடுத்த பிறகு வாருங்கள். சர்வே போகும்போதே கேட்டிருந்தால் அவர் நிலத்தைக் கடைசியில் வைத்திருப்போம். இது போதும், அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

பட்டதாரி, திருநெல்வேலி: பிரைமவேரா நல்லதா, எம்எஸ் புராஜெக்ட் நல்லதா?

மேலே பாருங்கள்.

ஒருவர்: வீட்டு மீட்டரை இடம் மாற்ற வேண்டும், யாரைப் பார்ப்பது?

உங்கள் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரை. என்னை இல்லை.

துணை ஒப்பந்ததாரர், விழுப்புரம்: பணம் நான்கு மாதமாக நிற்கிறது.

முடித்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கினீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே போய் வாங்குங்கள். குறுந்தொழிலாகப் பதிவு செய்திருந்தால், 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்ற விதி உங்களுக்குப் பொருந்தலாம்.

பயிற்சிப் பொறியாளர்: பிரைமவேரா கோர்ஸ் எங்கே…

வேண்டாம் தம்பி.

சூப்பர்வைசர், கடலூர்: பழைய 33 கேவி பாதைக்குக் குறுக்கே கம்பி இழுக்கிறோம். ஆபரேட்டர் போனில் 'எல்சி (லைன் கிளியர், பாதையில் மின்சாரத்தை நிறுத்தியதற்கான அனுமதி) கொடுத்தாச்சு' என்கிறார். ஆட்களை ஏற்றலாமா?

ஏற்றாதீர்கள். எல்சி எழுத்தில், எண்ணோடு, நேரத்தோடு வரட்டும். அப்புறம் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும், கம்பியை மண்ணோடு இணைக்கும் எர்த் ராட் போடுங்கள், ஒரு பக்கம் போதாது. எங்கோ ஓர் ஆலை ஜெனரேட்டரைப் போட்டால் அந்தப் பக்கத்திலிருந்தும் மின்சாரம் வரும். வேலை முடிந்ததும் ஆட்களை எண்ணி இறக்குங்கள், எர்த் ராடையும் எண்ணி எடுங்கள், அதற்குப் பிறகு எல்சியைத் திருப்பிக் கொடுங்கள். மணி ஐந்தாகிவிட்டது என்று ஆபரேட்டர் அவசரப்படுத்தினால் என் பெயரைச் சொல்லித் திட்டச் சொல்லுங்கள்.