செம்மீனும் கருவாட்டுக் கடனும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இருபது வயதில், தகழி சிவசங்கரப் பிள்ளையின் மலையாள நாவலான ‘செம்மீன்’ சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் படித்து அழுதேன். ஐம்பதில் போன வாரம் மறுபடி படித்தேன். அப்போதும் அழுகைதான். விலக்கப்பட்ட காதலுக்கு இதைவிடப் பெரிய காவியம் இல்லை. ஆனால் கரையில் மனைவி நெறி தவறினால் கடலம்மா கணவனைக் கொண்டுபோவாள் என்பதை முடிவு நிரூபிப்பதுபோல் இருக்கிறதே, தகழி அதை நம்பினாரா? சினிமா நாவலைக் கெடுத்துவிட்டது என்கிறான் என் மகன். சரிதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஐம்பதிலும் அழ முடிகிறது என்றால் நல்லதுதான், கூச்சப்படாதீர்கள். சினிமா 1965-ல் வந்தது. அந்தச் சண்டையை மகனோடு வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தகழி எதை நம்பினார் என்பதும் நமக்கு வேண்டாத வம்பு.

ஆனால் இரண்டு தடவை படித்தும் ‘காதல் காவியம்’ என்று எழுதுகிறீர்களே, அங்கேதான் கோபம் வருகிறது. நாவல் எப்படித் தொடங்குகிறது? அப்பா வள்ளமும் (படகும்) வலையும் வாங்கப்போகிறார் என்று மீனவப் பெண் கருத்தம்மா, அவள் காதலிக்கும் முஸ்லிம் மீன் வியாபாரி பரீக்குட்டியிடம் சொல்கிறாள். மீனை எங்களுக்கு விற்பீர்களா என்று அவன் கேட்கிறான். நல்ல விலை தந்தால் விற்போம் என்கிறாள். இதுதான் ஐயா காதல் பேச்சு! அவள் வாயில் அவன் எப்போதும் ‘கொச்சு முதலாளி’தான், அதாவது சின்ன முதலாளி.

அவள் அப்பா செம்பன்குஞ்சு, மீனவர்களில் முக்குவன் சாதி. பழைய கரை வழக்கப்படி வள்ளமும் வலையும் வைத்துக்கொள்ளும் உரிமை வலைக்காரர் சாதிக்கே. அவனோ அதற்கு ஆசைப்படுகிறான், கையில் இருப்பது போதவில்லை. பரீக்குட்டியின் கொட்டகையிலிருந்து ராத்திரியில் கருவாட்டுக் கூடைகள் போகின்றன, பணமும் போகிறது. வள்ளம் வந்தபின் அதே பரீக்குட்டி மீனுக்கு வந்து நின்றால், ரொக்கம் இருந்தால்தான் மீன் என்கிறான் செம்பன்குஞ்சு. முதல் பணத்தை இழந்த வியாபாரி வேறு எங்கே போவான்? மகளுக்கோ அந்தக் கடன் தீராத உறுத்தல். காதலை மறக்க அவளுக்கு ஒரு வழி இருந்திருக்கலாம். அப்பன் அடைக்காத கடனை எப்படி மறப்பாள்?

கருத்தம்மாவின் கணவன் பழனிக்கு வருவோம். உற்றார் உறவு இல்லாதவன், கடலில் சூரன். மாமனார் கணக்குப் போட்டது அதற்காகத்தான். ஊர் அவனை என்ன செய்தது? கருத்தம்மாவைப் பற்றி வதந்தி கிளம்பியதும் அமரத்தில் நின்று வள்ளம் செலுத்தியவனை அங்கிருந்து விலக்கினார்கள். பிறகு வள்ளத்திலேயே சேர்க்கவில்லை. அதனால்தான் சின்ன வள்ளத்தில் தனியாக, வலை இல்லாமல் தூண்டிலோடு போகிறான். வலை இழுக்கப் பல கைகள் வேண்டும், தூண்டிலுக்கு ஒருவன் போதும். அந்தத் தூண்டிலில் பெரிய சுறா மாட்டிக்கொண்டால், ஒருவன் துடுப்பையும் பிடித்துக் கயிறையும் பிடிப்பது எப்படி? சுறா இழுத்த இழுப்பில் வெளிக்கடலுக்குப் போனவனைத் திருப்பிக் கொண்டுவர இன்னொரு கை இல்லை. மனைவி பத்தினியாக இருந்தாலும் அந்த ராத்திரி அப்படித்தான் முடிந்திருக்கும்.

கடலம்மா கதையை ஊர் சொல்லும்போது தகழி சொல்வதாக எடுத்துக்கொண்டீர்கள். மூன்றாம் முறை படிக்கும்போது பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். பணமோ மீனோ கைமாறும் பக்கங்களில் மட்டும் கோடு போடுங்கள். கட்டிப்பிடித்தபடி கரை ஒதுங்கும் கருத்தம்மா, பரீக்குட்டி உடல்களோடு நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டீர்கள் போலிருக்கிறது. அதற்குப் பிறகும் நாவல் இருக்கிறது: செறியழீக்கல் கரையில் ஒரு சுறா ஒதுங்குகிறது, தூண்டிலை விழுங்கியபடி.