கோடும் வடிவமும் கச்சிதமாக அமைந்துவிட்டால், தெருவில் எடுக்கும் புகைப்படத்தில் ஆள் எதற்கு?

நீங்கள் கேட்டிருக்கும் தோரணையைப் பார்த்தால், ஆசையாக எடுத்த படத்தை யாரோ "இதில் ஆளே இல்லையே" என்று தள்ளிவிட்டார்கள் போல. எனக்கும் அந்த எரிச்சல் தெரியும். இருந்தாலும் ஆள் வேண்டும் என்பதுதான் என் கட்சி. அதற்காக எந்த ஆள் நடந்துபோனாலும் போதும் என்பவர்களோடு சேர மாட்டேன்.

நான் கும்பகோணம் பக்கம். தாராசுரத்தில் நெசவாளர் தெருவில், வண்டி நடமாட்டம் தொடங்குமுன் தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளை, இழுத்துக் கட்டியிருந்தார்கள். சாய்வெயிலில் அத்தனை இழையும் மின்னிக்கொண்டு தெருக்கோடியில் ஒரு புள்ளியில் போய்ச் சேருகிற மாதிரி இருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து காலித் தெருவாக ஒன்று எடுத்தேன். சுத்தமான படம்தான், யாருக்கும் காட்டத் தோன்றியதில்லை. பிறகு ஒரு பால்காரர் சைக்கிளில் ஓரமாகப் போனார். அதையும் எடுத்தேன். அவர் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

அப்புறம் ஒரு பாட்டி வந்தார். புறங்கையால் இழைகளைத் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். அறுந்த இழையின் இரண்டு நுனியையும் பிடித்து, விரலிடுக்கில் வைத்து ஒரு முறுக்கு. அத்தனை நேர்க்கோட்டுக்கும் குறுக்கே அவர் முழங்கை மட்டும் மடங்கி நின்றது. அந்தக் கோடுகளுக்கு அங்கே என்ன வேலை என்று அப்போதுதான் படத்தில் தெரிந்தது. "தம்பி, தள்ளி உக்காருப்பா, பாவுல கால் பட்டுரும்" என்றார், நிமிர்ந்தே பார்க்காமல்.

வடிவமே எல்லாம் என்பவர்கள் உடனே பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே பிரெசோனைத் துணைக்கு அழைப்பார்கள். ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் படித்தவர், வடிவக்கணக்கில் பித்தே பிடித்தவர், சரி. 1932இல் பிரான்சின் ஈயேர் ஊரில் மேலிருந்து அவர் எடுத்த படத்தில், வளைந்திறங்கும் படிக்கட்டுக்குக் கீழே ஒரு சைக்கிள்காரர் மங்கலாகப் பறக்கிறாரே, அவரைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள்.

கட்டடப் படம் எடுப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஐராவதேசுவரர் கோயில் தூண்களை ஆளில்லாமல் எடுக்கக் காத்துக் கிடந்தவன்தான் நானும். அது வேறு வகை. "கேமரா தூக்கியவனெல்லாம் கிழவிகளைத்தான் தேடுகிறான்" என்றும் ஒருவர் வருவார். பாட்டியிடம் படத்தைக் காட்டினேன் ஐயா. "முடிச்சு தெரியலையே" என்பதுதான் அவருடைய குறை.

இப்போது இன்னொரு தொல்லை, ஃபிளெக்ஸ் பேனர். மகாமகக் குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள் இருக்கின்றன. காதுகுத்துப் பேனர் குறுக்கே நிற்காமல் நாலைச் சேர்த்து எடுத்துக் காட்டுங்கள் பார்ப்போம். நான் எப்படியோ எடுத்த குளத்துப் படத்தையே ஒரு கல்யாணப் பேனரில் பின்னணியாகப் போட்டுவிட்டார்கள். கேட்டால், "நெட்ல கிடந்துச்சு சார்." காசு வேண்டாம், பேராவது போடுங்கள் என்றேன். வரவேற்புப் பேனரில் போட்டார்கள், "தங்கள் நல்வரவை விரும்பும் நண்பர்கள்" வரிசையில்.