எழுதத் தெரியாத அம்மாவுக்கு வாட்ஸ்அப்

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாததால் மகளிர் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒதுங்கியே இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தட்டச்சை விடுங்கள், குரல்பதிவைச் சொல்லிக்கொடுங்கள். மைக்கை அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், அப்புறம் விரலை எடுத்துவிட்டு நிதானமாகப் பேசலாம். இது தெரியாத வரை என் அத்தையின் விரல் நழுவி, "ஏலே, கேக்குதா" மட்டும்தான் எனக்கு வந்து சேரும்! எண்களுக்கு அவரவர் படத்தையும் வையுங்கள். அத்தை முகம் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்.

சரி, வதந்திக்கு? இரட்டை அம்புக்குறியை அடையாளம் காட்டுங்கள். குறைந்தது 5 முறை கைமாறி வந்த செய்திக்குத்தான் அது வரும், அதைப் பார்க்க எழுத்து தெரிய வேண்டியதில்லை. சேமிப்புக் கூட்டம் என்றைக்கு என்பதைக் குரலிலும் அனுப்பும்படி குழுத் தலைவியிடம் நீங்களே கேளுங்கள். அம்மா தயங்குவார்.